ஒரே சால்வை, பல கைகள்

(பழைய மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அக்கா, இந்த வருஷம் நீங்கதான் பேசணும். இருபது நிமிஷம். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க" என்றார். எதைப் பற்றி வேண்டுமானாலும் என்று ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்வது ஆபத்து. நல்லவேளை, இன்று நான் கரும்பலகையைத் தொடப் போவதில்லை. உல்லன் சால்வையைப் பற்றிப் பேசப் போகிறேன். பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. கடைசியில் உங்களிடம்தான் ஒரு வேலை கேட்கப் போகிறேன்.

நான் 1979-இல் இங்கே பி.எஸ்சி. கணிதம் முடித்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து 2016-இல் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்ச் சில வருடங்கள் இருந்தேன். பேத்தி பள்ளிக்குப் போன பிறகு பகல் பொழுது போகாது. வெளியே குளிர். பக்கத்தில் ஒரு பொது நூலகம். அங்கே வாரம் ஒரு நாள் பதினாறு பேர் கூடிப் பின்னுவார்கள். பெண்கள் பதினான்கு, ஆண்கள் இரண்டு. நம் ஊரில் ஸ்வெட்டர் பின்னிய பழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தத் தைரியத்தில் போய் உட்கார்ந்தேன்.

போனவுடன் ஒன்று கண்ணில் பட்டது. பதினாறு பேரும் ஒரே டிசைனைத்தான் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மடியில் வெள்ளை, ஒருவர் மடியில் சாம்பல், இன்னொருவர் மடியில் பழுப்பு. ஆனால் டிசைன் ஒன்றே. பள்ளிக்கூடச் சீருடை மாதிரி இருக்கிறதே, ஆளுக்கு ஒரு டிசைன் போட்டால் அழகாக இருக்காதா என்று எனக்குத் தோன்றியது. கேட்டும் விட்டேன். "கொஞ்ச நாள் இருந்து பாருங்க, தெரியும்" என்றார்கள். தெரிந்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்தச் சால்வையைப் பற்றி. அதன் பெயர் 'ஹாப்'. ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலுக்குள் ஷெட்லாந்து என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அபர்டீனில் சாயங்காலம் கப்பல் ஏறினால் மறுநாள் காலையில் அதன் தலைநகரான லெர்விக் போய்ச் சேரலாம். மரங்கள் மிகக் குறைவு. காற்று ஓயாது. ஆடுகள் ஏராளம். அந்த ஊர்ப் பேச்சில் 'ஹாப்' என்றால் போர்த்திக்கொள்வது என்று பொருள். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் பெண்கள் அதை மார்பின் குறுக்கே போட்டு முதுகுப் பக்கம் முடிச்சிட்டுக் கொள்வார்கள். கை இரண்டும் வேலைக்கு விடுபட்டுவிடும். நம் ஊரில் நாற்று நடுகிறவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார்களே, அதைப் போல.

அதே ஷெட்லாந்தில், வடகோடியில் இருக்கும் உன்ஸ்ட் தீவில், சிலந்தி வலை போன்ற மெல்லிய சால்வைகளும் பின்னுவார்கள். முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடலாம். அது சீமாட்டிகளுக்காக. ஹாப் என்பது பின்னுகிறவர்கள் தங்களுக்கே வைத்துக்கொண்ட சால்வை.

அதன் அமைப்பு எளிது. நடுவில் சாதாரணப் பின்னலில் ஒரு சதுரம். அதன் நாலு பக்கமும் அலை அலையாக ஒரு பட்டை. கடைசியில் ஓரம். அந்த அலைக்கு 'ஓல்ட் ஷேல்' என்று பெயர். இங்கேதான் என் பழைய தொழில் எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அலைப் பட்டையில் 18 கண்ணிகள் ஒரு தொகுதி. முதலில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும், மூன்று தடவை. அப்புறம் நூலை ஊசி மேல் ஒரு சுற்றுப் போட்டு ஒரு கண்ணி பின்ன வேண்டும், ஆறு தடவை. பிறகு மறுபடியும் இரண்டிரண்டாகச் சேர்ப்பது, மூன்று தடவை. குறைந்தது ஆறு, கூடியது ஆறு. ஆக, 18 கண்ணி 18-ஆகவே இருக்கும். ஆனால் குறைத்த இடம் சுருங்குகிறது, கூட்டிய இடம் விரிகிறது. அதனால் துணி வளைந்து அலையாகிவிடுகிறது. நாலு வரிசையில் ஒரு வரிசைக்குத்தான் இந்தக் கணக்கு. மற்ற மூன்றும் சாதாரணப் பின்னல். இவ்வளவுதான் விஷயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

நிறமும் அப்படித்தான். சாயம் தேவையில்லை. வெள்ளை, சாம்பல், செம்பழுப்பு, கறுப்பு என்று ஆட்டு ரோமத்திலேயே வகை வகையாக நிறம் உண்டு. அதை வைத்தே பட்டையில் அடர்த்தியிலிருந்து வெளிறலுக்கு இறக்கிக்கொண்டு வருவார்கள். பின்னி முடித்ததும் துவைத்து, மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அப்போதுதான் அலை எழுந்து நிற்கும்.

இந்த டிசைன் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒரு பெயர் கிடையாது. நம் கோலப் புள்ளிக் கணக்கு மாதிரி, அம்மாவின் கையிலிருந்து மகளின் கைக்கு வந்தது.

டிசைன் எல்லாருக்கும் சொந்தம். ஆனால் அதில் வந்த காசு யாருக்குப் போனது? இதையும் சொல்லாமல் சால்வையின் அழகை மட்டும் நான் சொன்னால் அது பாதிக் கதை.

ஷெட்லாந்தில் பிறந்த ஆர்தர் ஆண்டர்சன், பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். அவர் 1837-இல் விக்டோரியா மகாராணிக்கு ஷெட்லாந்துப் பின்னல் காலுறைகளைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு ஷெட்லாந்துப் பின்னலுக்கு நல்ல கிராக்கி. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியிலும் அந்தச் சால்வைகள் இடம்பெற்றன. ஆனால் பின்னிய பெண்களின் கைக்குப் பணம் வரவில்லை. லெர்விக் வியாபாரிகள் சால்வையை வாங்கிக்கொண்டு தேயிலை கொடுப்பார்கள், துணி கொடுப்பார்கள். காசு கேட்டால் இல்லை என்பார்கள். வீட்டில் மாவு இருக்காது, கையில் தேயிலைப் பொட்டலம் இருக்கும். அந்தத் தேயிலையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றுவார்கள்.

அரசு அமைத்த ஒரு கமிஷன் 1872-இல் இதை விசாரித்தது. பின்னும் பெண்கள் பலர் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். எந்த வியாபாரியை நம்பி வயிறு கழுவினார்களோ, அதே வியாபாரியைப் பற்றி விசாரணையில் வாய் திறந்து சொல்வது சின்ன விஷயமா? அந்தச் சாட்சியங்கள் அச்சில் இருக்கின்றன. இங்கே சரித்திரமும் பொருளாதாரமும் படிக்கும் மாணவிகள் அவசியம் தேடிப் படியுங்கள். 1887-இல் திருத்தச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அந்த வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

அந்தப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டிக்கொள்வார்கள். அதற்குள் குதிரை முடி அடைத்து, மேலே வரிசையாகத் துளை போட்டிருக்கும். ஊசியின் ஒரு முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் ஒரு கை சுலபமாகும். முதுகில் கூடை நிறைய விறகுக்குப் பதிலாக எரிக்கும் நிலக்கரணையைச் சுமந்துகொண்டு, நடந்துகொண்டே பின்னுவார்கள். பழைய புகைப்படங்களில் பார்க்கலாம். பார்ப்பதற்கு அழகான படம்தான். ஆனால் உட்கார்ந்து பின்ன நேரம் இல்லாததால்தான் நடந்துகொண்டே பின்னினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி நூலகத்துக்கு வருவோம். அங்கே நாங்கள் பின்னிய சால்வைகள் அந்த ஊர் முதியோர் இல்லங்களுக்குப் போகும். முதலில் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருந்ததாம். குழுவை நடத்தியவர் போய்க் கேட்டாராம். அங்கே இருந்த நர்ஸ், "ஓட்டை வைத்த டிசைன் வேண்டாம், குழந்தையின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். நெருக்கமான பின்னல்தான் வேண்டும். சூடான தண்ணீரில் மெஷினில் துவைத்தாலும் கெடாத நூலாக இருக்க வேண்டும்" என்றாராம். அலைப் பின்னலோ ஓட்டையால் ஆனது. ஆக, முதியோர் இல்லங்களுக்குப் போய்க் கேட்டார்கள். "சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், சக்கரத்தில் சிக்கக் கூடாது, அதனால் சின்ன அளவு போதும்" என்று பதில் வந்தது. அதற்கேற்ப அளவைக் குறைத்தார்கள். மெஷினில் துவைக்கக்கூடிய நூலுக்கு மாறினார்கள். கொடுப்பதற்கு முன்னால் வாங்குகிறவர்களிடம் கேட்பது எவ்வளவு முக்கியம் பாருங்கள்! நம் ஊரில் வெள்ள நிவாரணம் என்று வந்து குவியும் பழைய துணி மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, எல்லாரும் ஏன் ஒரே டிசைன்?

முதல் காரணம் எனக்கு இரண்டாம் வாரமே புரிந்தது. புதிதாக ஒருவர் வந்தால், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கற்றுக்கொள்ளலாம். டீச்சர் என்று தனியாக ஒருவர் வேண்டியதில்லை. போன மாதம் கற்றுக்கொண்டவர் இந்த மாதம் வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார். நாற்பது வருடம் பின்னியவரும், நாலு வாரம் பின்னியவரும் ஒரே வரிசையைப் பற்றிப் பேச முடியும். ஆளுக்கு ஒரு டிசைன் என்றால், கெட்டிக்காரர்களின் வேலையை மற்றவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

இரண்டாவது காரணம் புரிய ஒரு வருடம் ஆனது. எங்கள் குழுவில் ஓர் அம்மா இருந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். எழுபதைத் தாண்டியவர். எங்களில் அவர் கைதான் மிக இறுக்கம். அவருடைய பின்னல் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். ஒரு நாள் அவர் வரவில்லை. பக்கவாதம். வலது கை போய்விட்டது. அவருடைய சால்வை நடுச் சதுரம் முடிந்து, இரண்டு பக்க அலையோடு பாதியில் நின்றது.

அவர் மகள் அந்தப் பையை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் எடுத்து, அம்மா விட்ட கண்ணியிலிருந்தே ஆரம்பித்து முடித்தார். எழுதி வைத்த குறிப்பு தேவைப்படவில்லை, விசாரிப்பதற்கும் ஒன்றும் இல்லை. எல்லார் கையும் அறிந்த கணக்குதானே! ஆனால் முடித்தவர் கை கொஞ்சம் தளர்வு. சால்வையை விரித்துப் போட்டபோது, எந்த இடத்தில் கை மாறியது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதுவரை நெருக்கமாக வந்த அலை, அங்கிருந்து அகலமாக விரிந்தது.

அன்று குழுவில் பெரிய வாக்குவாதம். "அவிழ்த்து முதலிலிருந்து ஒரே கையால் போடணும். இப்படிக் கொடுத்தா அவங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு" என்று ஒரு கட்சி. "அவங்க போட்டதை அவிழ்க்கறதா? கூடவே கூடாது" என்று ஒரு கட்சி. நான் வெளியூர்க்காரி, வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாவிடமே கேட்போம் என்று முடிவு செய்து இரண்டு பேர் போனார்கள். அவருக்குப் பேச்சு குழறும். இருந்தாலும் தெளிவாகச் சொன்னாராம்: "அவிழ்க்காதீங்க. எதுவரைக்கும் நான் போட்டேன்னு எனக்குத் தெரியணும்."

அப்படியே கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று மாதம் கழித்து மகள் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மறுபடியும் நூலகத்துக்கு வந்தார். ஊசி பிடிக்க முடியாது. ஆனால் அலை வரிசை வரும்போது அவர் வாயால் எண்ணுவார். "சேர், சேர், சேர். கூட்டு, பின்னு. கூட்டு, பின்னு." மெதுவாக, குழறலோடு. புதிதாக வந்தவர்கள் அந்தக் குரலுக்கு ஏற்பப் பின்னுவார்கள். டிசைன் ஒன்று என்பதால்தானே அவருடைய ஒரு குரல் அத்தனை பேருக்கும் பயன்பட்டது? கை போன பிறகும் அந்த மேசையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்கிறோம். வடத்தில் கை வைக்க முடியாதவரும் குரல் கொடுக்கலாம் அல்லவா!

2018-இல் ஷெட்லாந்துக்கே போய் வந்தேன். அங்கே 2010 முதல் 'உல் வீக்' என்று ஆண்டுதோறும் ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். அதற்கு முன்னதாகவே ஒரு தொப்பி டிசைனை வெளியிட்டுவிடுவார்கள். உலகத்தின் பல மூலைகளிலும் இருப்பவர்கள் அதே தொப்பியைப் பின்னிப் போட்டுக்கொண்டு லெர்விக்கில் வந்து இறங்குவார்கள். 2015-ஆம் ஆண்டுத் தொப்பியில் சுற்றிலும் ஆடுகள். நான் போன வருடத்துத் தொப்பிக்கு, வடதுருவ வானத்தில் ஆடும் ஒளிக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர். கப்பலில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். "நீங்க என்ன கலர் போட்டிருக்கீங்க?" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் என்பவர் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷே பின்னல். பல ஊர்களிலும் நாடுகளிலும் இருக்கும் பெண்கள் பின்னி அனுப்பியதை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்தார்கள். கின்னஸ் சாதனை. பிறகு அவற்றைப் பிரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். 2017-இல் 14 கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு ஸ்கார்ஃப் போட்டார்கள். பகலெல்லாம் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு இராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்து பின்னியவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இப்போது நான் கேட்க வந்த வேலைக்கு வருகிறேன்.

நம் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் நீலகிரி. அங்கே முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரிக் குளிர் உங்களுக்குத் தெரியும். இந்த ஆண்டு நம் சங்கத்தின் சார்பில் பன்னிரண்டு சால்வைகள் பின்னிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. பன்னிரண்டே பன்னிரண்டுதான். நூறு என்று ஆரம்பித்து நாற்பதில் நிற்க வேண்டாம்.

சில நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, நூல் வாங்கும் செலவு முழுவதும் சங்கத்தினுடையது. மாணவிகளிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. இரண்டாவது, இதற்கு மார்க் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, கட்டாயமும் கிடையாது. பெண் பிள்ளைகளின் கைவேலை என்றால் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. அன்பு, சேவை என்று அதற்கு நல்ல நல்ல பெயரும் வைத்துவிடுவோம். 1872-இல் சாட்சி சொன்ன அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: ஒவ்வொரு சால்வைக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். அதை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம். ஒரு சால்வைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியட்டும். அப்புறம் கடைத்தெருவில் கைவேலைக்காரரிடம் பேரம் பேச வாய் கூசும்.

மூன்றாவது, முதலில் அந்த இல்லங்களுக்குப் போய், என்ன வேண்டும், என்ன அளவு வேண்டும், எப்படித் துவைப்பார்கள் என்று கேட்டுவிட்டு வர வேண்டும். சால்வையே வேண்டாம், காலுறைதான் வேண்டும் என்றால் காலுறை பின்னுவோம்.

நான்காவது, ஒரு சால்வைக்கு இரண்டு பேர். ஒருவர் பழைய மாணவி, ஒருவர் இப்போது படிக்கும் மாணவி. பாதி பாதி. டிசைன் எல்லாருக்கும் ஒன்றே, நான் சொன்ன அதே 18 கண்ணி. பழைய மாணவிகளில் முழங்கை வலி, கண்புரை என்று சொல்கிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். எனக்கும் உண்டு. பின்ன முடியாதவர்கள் வந்து எண்ணிக்கை சொல்லுங்கள்.

"ஏனுங்க, கடையில இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மெஷின் சால்வை கிடைக்குதே, அதை வாங்கிக் கொடுத்தா ஆகாதா?" என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெறும் குளிருக்கு என்றால் கடைச் சால்வையே போதும். அதையும் வாங்கிக் கொடுப்போம், தப்பில்லை. ஆனால் கடைச் சால்வை வாங்கினால் 1979-ஆம் ஆண்டு மாணவியும் இன்றைய இரண்டாம் ஆண்டு மாணவியும் பத்து வாரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. நாம் வருடத்துக்கு ஒரு நாள் கூடுகிறோம். சாப்பிடுகிறோம், போட்டோ எடுத்துக்கொள்கிறோம், போய்விடுகிறோம். இந்தப் பிள்ளைகள் பெயர் நமக்குத் தெரியாது, நம் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அதற்கு ஒரு மேசை வேண்டும், மேசை மேல் ஒரு வேலை வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

நூலக வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாலு மணிக்கு டீ கொடுப்பார்கள். டீ குடித்துவிட்டு, சேர விருப்பமுள்ளவர்கள் அதில் பெயர் எழுதுங்கள். பின்னத் தெரியுமா, தெரியாதா என்று எழுத வேண்டாம். வியாழக்கிழமை மதியம் சௌகரியமா என்று மட்டும் எழுதுங்கள். இரண்டு ஜோடி ஊசியும் கொஞ்சம் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். யாருக்காவது அந்த அலை எப்படி வருகிறது என்று பார்க்க ஆசையிருந்தால், பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.